வயல் பாதையில் மோட்டார் சைக்கிள்: காலுக்கு ஏற்ற பூட்ஸ் எது?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ஆய்க்குடி வட்டாரத்து வண்டிப் பாதைகள் சகதியாகிவிடும். தென்காசிக்கும் சுரண்டைக்கும் போக நல்ல தார்ச்சாலை உண்டு. ஆனால் சாலையை விட்டு இறங்கி, குளத்தங்கரை வழியாகவும் ஓடைக்கரை வழியாகவும் கிணற்றடிக்குப் போய்ச் சேரும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண் பாதைதான். முன்பு அந்தத் தூரத்தை நடந்தோ மாட்டு வண்டியிலோ கடந்த விவசாயிகள் இப்போது மோட்டார் சைக்கிளிலும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியிலும் கடக்கிறார்கள். பின்னால் உர மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு. காலில் ரப்பர் செருப்பு.

மேடு பள்ளமான மண் தரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பல நாடுகளில் ஒரு விளையாட்டு. அதில் இறங்குபவர் முழங்கால் வரை உயர்ந்த கனமான பூட்ஸ் இல்லாமல் வண்டியில் ஏறுவதே இல்லை. விவசாயி அதே வேலையைத்தான் காலையும் மாலையும் செய்கிறார். அவருக்கு அது விளையாட்டு அல்ல என்பதால் காலுக்கு என்ன போடுவது என்று யாரும் யோசிப்பதில்லை. நடவு நேரத்தில் கால் முறிந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தால் அந்தப் போகத்தின் கதி என்ன என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கால் எப்படி முறிகிறது?

நேரான தார்ச்சாலையில் வேகத்தால் விபத்து வருகிறது. வயல் பாதையில் பெரும்பாலும் வேகமே இருக்காது. நடக்கும் வேகத்தில் போகும்போது முன் சக்கரம் சகதியில் வழுக்கும். வண்டி ஒரு பக்கம் சாயும். ஓட்டுபவர் தம்மை அறியாமல் அந்தப் பக்கத்துக் காலைத் தரையில் ஊன்றுவார். இங்கேதான் ஆபத்து. நூறு சி.சி. வண்டி ஏறக்குறைய 110 கிலோ எடையுள்ளது. பின்னால் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று இருந்தால், ஓட்டுபவரைச் சேர்க்காமலே 155 கிலோ. அத்தனையும் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்க, ஊன்றிய பாதம் மட்டும் சேற்றில் புதைந்து நின்றுவிடுகிறது. உடல் முன்னே போக, பாதம் பின்னே நிற்க, நடுவில் உள்ள கணுக்கால் முறுக்கப்படுகிறது. சுளுக்கோடு தப்பியவர் பாக்கியசாலி. பலருக்குக் கணுக்காலின் வெளிப்புற எலும்பு விட்டுப்போகும்.

இரண்டாவது வகை, வண்டி காலின் மேலேயே விழுவது. அப்போது இஞ்சினுக்கும் தரைக்கும் நடுவில் பாதம் பக்கவாட்டில் நசுங்குகிறது. வலப்புறம் விழுந்தால் சைலன்சரின் சூடும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, ஃபுட்ரெஸ்டில் இருக்கும் பாதத்தின் முனை வரப்போரக் கல்லிலோ வெட்டிவிட்ட உடைமரத்து மூட்டிலோ மோதி விரல்கள் பின்னால் மடங்குவது. செருப்புக் காலில் நடக்கும் காயங்களில் இது சாதாரணம். நகம் பெயர்வதோடு நின்றால் நல்லது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பூட்ஸ் வாங்கப் போகிறவர் முதலில் முன்பக்கத்து இரும்பைத் தட்டிப் பார்க்கிறார். கடைக்காரரும் அதையே தட்டிக் காட்டுகிறார். ஆனால் வண்டியில் போகிறவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டிய இடம் கணுக்கால். அடுத்தது பாதத்தின் இரு பக்கங்கள். விரல் அதற்குப் பிறகுதான்.

கிடைக்கும் வகைகள்

பந்தய வீரர்கள் போடும் மோட்டோகிராஸ் பூட்ஸ்தான் இவற்றில் உச்சம். கெட்டியான பிளாஸ்டிக் தகடுகள் முன்னெலும்பையும் கணுக்காலையும் மூடியிருக்கும். நாடாவுக்குப் பதில் மூன்று நான்கு பக்கிள்கள் இருக்கும். அடிப்பாகத்தின் நடுவில் எஃகுப் பட்டை பதித்திருப்பதால் பாதம் வளையாது. கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024-ல் சவூதி அரேபியப் பாலைவனத்தில் நடந்த டக்கார் பந்தயத்தில் ராலி-2 பிரிவில் முதலிடம் பெற்றார். அத்தகைய பந்தயத்துக்கு இத்தகைய பூட்ஸ்தான் பொருந்தும். வயலுக்கு இது ஒத்துவராது. ஜோடி மூன்று கிலோவுக்கு மேல் எடை. விலை பல ஆயிரம் ரூபாய். போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பது மரக்கால் கட்டி நடப்பது போல இருக்கும். வண்டியிலிருந்து இறங்கி மடை திறந்து, மோட்டார் போட்டு, மாட்டை அவிழ்க்க வேண்டியவருக்கு நடக்க முடியாத பூட்ஸால் என்ன பயன்? மேலும், கணுக்காலை முற்றிலும் அசையாமல் பிடித்துவிடும் பூட்ஸில் முறுக்கு மேலேறி முழங்காலைத் தாக்கவும் கூடும். பந்தய வீரர்கள் அதற்காக முழங்காலுக்கும் தனிக் கவசம் அணிகிறார்கள்.

சுற்றுலா மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென்று நடுத்தரமான பூட்ஸ் வருகிறது. கெண்டைக்காலின் பாதி வரை உயரம், கணுக்காலின் இரு பக்கமும் கெட்டிக் கிண்ணம், ஓரளவு வளையும் அடிப்பாகம். வசதியுள்ளவர்களுக்கு இதுவே நல்லது. இதை வாங்கும்போது நாக்குப் பகுதியில் உள்ள சீட்டைப் பார்க்க வேண்டும். ஈ.என். 13634 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் படமும், அதன் கீழே நான்கு இலக்கங்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதலாவது பூட்ஸின் உயரத்தையும், இரண்டாவது தரையில் உரசினால் தேயாமல் நிற்பதையும், மூன்றாவது கூரான பொருள் வெட்டாமல் தாங்குவதையும், நான்காவது பக்கவாட்டில் நசுங்காமல் இருப்பதையும் குறிக்கும். 2 என்பது உயர்ந்த தரம். சேற்றுப் பாதைக்காரர் முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் முக்கியமாகப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் சறுக்கிக்கொண்டு போகும் ஆபத்து வயல் பாதையில் குறைவு.

கட்டிட வேலைக்கும் ஆலை வேலைக்கும் அணியும் சேஃப்டி பூட்ஸ், பெரும்பாலான விவசாயிகளின் கைக்கு எட்டுவது. தென்காசி போன்ற ஊர்களின் ஹார்டுவேர் கடைகளிலேயே இத்தகைய பூட்ஸைத் தேடிப் பார்க்கலாம். ஐ.எஸ். 15298, பாகம் 2 என்ற இந்தியத் தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அந்தத் தரத்தின்படி விரல் பகுதியிலுள்ள மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு அடியோ அவ்வளவு. விரலுக்கு இது போதும். ஆனால் இந்த வகையில் கணுக்கால் வரையே வராத குட்டை ஷூக்களும் விற்கின்றன. அவை வண்டிக்கு உதவா. கணுக்கால் எலும்புக்கு மேல் குறைந்தது நான்கு விரற்கடையாவது ஏறி நிற்கும் உயரமானதையே கேட்டு வாங்க வேண்டும். இரும்பு மூடி நசுங்கி விரலையே துண்டித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்த இரும்பே நசுங்கும் அளவுக்குப் பாரம் விழுந்தால், மூடி இல்லாத விரல் எப்படியும் தப்பாது.

ரப்பர் கம்பூட்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கும் சகதிக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் வண்டி ஓட்ட இது ஆகாது. கணுக்காலில் பிடிப்பே கிடையாது. சேற்றில் ஊன்றிய மாத்திரத்தில் பூட்ஸ் தரையில் நிற்க, கால் மட்டும் உருவிக்கொண்டு வரும். அகன்ற மூக்கு கியர் லீவருக்குள் எளிதில் நுழையாது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பாதத்துக்குத் தெரியாது. சூடான சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டும். கம்பூட்ஸை வண்டியில் கட்டிக்கொண்டு போய் வயலில் மாட்டிக்கொள்வதே முறை.

கடையில் சோதிப்பது

பூட்ஸை மாலை நேரத்தில் வாங்க வேண்டும். பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுக்குப் பொருந்துவதே எப்போதும் பொருந்தும். வழக்கமாகப் போடப்போகும் காலுறையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

முதலில் காலில் போடாமல் கையில் எடுத்துப் பார்க்கலாம். குதிகாலை ஒரு கையிலும் முனையை மறு கையிலும் பிடித்து, ஈரத் துண்டைப் பிழிவது போல முறுக்க வேண்டும். எளிதில் முறுக்கிக்கொண்டால் அது காலையும் முறுக்க விட்டுவிடும். அடுத்து அடிப்பாகத்தை வளைக்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டுமே தவிர, பாதத்தின் நடுவில் மடங்கக் கூடாது. ஃபுட்ரெஸ்டின் இரும்பு அந்த நடு இடத்தில்தான் அழுத்தும். அங்கே மடங்கும் செருப்பையும் ஷூவையும் போட்டுக்கொண்டு குண்டு குழியில் வண்டி ஓட்டியவருக்கு இரவில் உள்ளங்கால் குடைவதற்குக் காரணம் இதுவே. பிறகு குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியையும் கணுக்கால் எலும்பு வரும் இடத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே கெட்டியான தகடு இருப்பது தெரிய வேண்டும். வெறும் பஞ்சு என்றால் வைத்துவிட்டு வரலாம்.

பின்பு இரண்டு காலிலும் போட்டு, நாடாவை இறுக்கி, படிக்கட்டு இருந்தால் நான்கு படி இறங்கிப் பார்ப்பது நல்லது. இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கக் கூடாது. ஏறும்போது குதிகால் உள்ளே தூக்கக் கூடாது. கடைசியாக, வெட்கப்படாமல் வெளியே வந்து சொந்த வண்டியில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் குதிகாலால் மிதிக்கும் பின் லீவரும் உண்டு. தடித்த குதியுள்ள பூட்ஸ் அதில் தட்டி, நினைக்காத நேரத்தில் கியர் விழக்கூடும். எக்ஸ்.எல். வண்டியில் காலால் போடும் கியர் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாதம் வைக்கும் இடத்தில் மூட்டையும் வைத்துக்கொண்டு, காலை வெளியே தொங்கவிட்டபடி ஓட்டும் பழக்கம் அந்த வண்டியில்தான் அதிகம். அந்தக் காலுக்கு எந்தப் பூட்ஸும் முழுப் பாதுகாப்பு அல்ல.

அடிப்பாகத்தின் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் பிடிப்பு அதிகம் என்பது செம்மண்ணுக்குப் பொருந்தும். கரிசல் சேறு வேறு. அது பள்ளங்களில் அடைத்துக்கொண்டு, பத்து அடி நடப்பதற்குள் யானைக்கால் ஆகிவிடும். நடுத்தரமான, இடைவெளி அகன்ற பள்ளங்களே இரண்டுக்கும் ஏற்றவை. எந்த மண்ணானாலும், வண்டியில் ஏறும் முன் ஒரு குச்சியால் சேற்றைச் சுரண்டிவிட வேண்டும். சேறு படிந்த பூட்ஸ் ஃபுட்ரெஸ்டிலிருந்து வழுக்கும்.

நாடா நீண்டு தொங்கக் கூடாது. அது கியர் லீவரில் சுற்றிக்கொண்டால், வண்டி சாயும்போது காலை எடுக்க முடியாமல் அப்படியே விழ நேரிடும். மீதியை மேல்வாய்க்குள் செருகிவிட வேண்டும். ஜிப் வைத்த பூட்ஸ் போடவும் கழற்றவும் சுலபம்தான். மணலும் சேறும் புகுந்தால் ஜிப் நீண்ட நாள் உழைக்காது. பக்கிள் என்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தே மாற்றிக்கொள்ளலாம். வேட்டி, லுங்கியோடு பூட்ஸ் போடுவதை விட ஒரு காக்கி கால்சட்டை நல்லது. துணி சங்கிலியிலோ ஆரத்திலோ சிக்கினால் பூட்ஸ் காப்பாற்றாது.

வண்டியை விட்டு இறங்கிய பின்

பூட்ஸின் வேலை வண்டியோடு முடிவதில்லை. இருட்டில் மோட்டார் போடவும், பன்றிக் காவலுக்கும் போகிறவர்களின் காலடியில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கிடக்கலாம். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 58 ஆயிரம். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. வயலில் கடிபடுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கடி விழுவது பாதத்திலும் கணுக்காலிலும்தான். வண்டிக்காக வாங்கிய உயரமான பூட்ஸ் இங்கேயும் உதவுகிறது. கையில் டார்ச் விளக்கும் இருக்க வேண்டும்.

நடவு வயலுக்குள் பூட்ஸோடு இறங்குவார் யாருமில்லை; வரப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அப்படி வைத்த பூட்ஸின் இருட்டும் ஈரமும் தேளுக்கும் பூரானுக்கும் சில வேளை குட்டிப் பாம்புக்கும் பிடித்த இடம். கழற்றியதும் ஒரு குச்சியை நட்டு அதில் தலைகீழாக மாட்டிவிடுவது நல்லது. மறுபடி போடும் முன், குதிகாலைத் தரையில் தட்டி உதற வேண்டும். கையை உள்ளே விட்டுத் துழாவக் கூடாது.

மருந்து தெளிக்கும் நாளில் தோல் பூட்ஸை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். தோல் பூச்சி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழுவினாலும் முழுதும் போகாது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வியர்த்த காலோடு அந்த மருந்தும் சேர்ந்து கொண்டிருக்கும். தெளிப்புக்கு ரப்பர் பூட்ஸ்தான். கால்சட்டையின் அடிப்பகுதி பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து நேராகப் பாதத்துக்குப் போகும். ஆக, விவசாயிக்கு இரண்டு ஜோடி தேவைப்படுகிறது. ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளும் சிக்கனம் இங்கே செல்லாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் உள்ளே கிடக்கும் சிறு கல்லோ, புதுத் தோலின் உரசலோ தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலை வரை போகலாம். அத்தகையவர்கள் புது பூட்ஸை முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாமல் பழக்கி, கழற்றியதும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தேங்கிய வயல் நீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சலுக்கும் இடம் உண்டு.

பூட்ஸ் போட்டிருந்தும் விழுந்து, கணுக்காலில் தாங்க முடியாத வலி இருந்தால் வயலிலேயே அதை இழுத்துக் கழற்றக் கூடாது. நாடாவைத் தளர்த்திவிட்டு அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை பூட்ஸே கட்டையாகப் பயன்படும். பாம்புக்கடி என்றால் நேர்மாறு. வீக்கம் ஏறும் முன், காலை அதிகம் அசைக்காமல் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது.

பூட்ஸ் காலை மட்டுமே காக்கும் என்பதை ஆய்க்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்தெலும்பு அடிபட்டு உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் இதே ஊரில் தொடங்கியது அமர் சேவா சங்கம். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே சக்கர நாற்காலியில் வாழப் பழகிக்கொள்வதை ஊர் பார்த்து வருகிறது. வயல் வரைக்கும்தானே என்று ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, பூட்ஸை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவது சரியல்ல.

பராமரிப்பு

நனைந்த தோல் பூட்ஸை வெயிலில் வைத்தாலும் அடுப்போரம் வைத்தாலும் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். சாரல் காலத்தில் இதற்கு இரண்டு நாள் ஆகும். காய்ந்த பிறகு மெழுகுப் பாலிஷ் போடலாம். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. அளவு மிஞ்சினால் தோல் தளர்ந்து, கணுக்காலைப் பிடிக்க வேண்டிய கெட்டித்தன்மை போய்விடும். ரப்பர் பூட்ஸில் டீசலும் இஞ்சின் ஆயிலும் பட்டால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

தேய்ந்த அடிப்பாகத்தை மாற்றித் தைத்துக்கொள்ளலாம். குதிகாலைச் சுற்றியுள்ள தகடு நொறுங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும் நிலை வந்துவிட்டால் மட்டும் தைத்துப் பயனில்லை. அந்தப் பூட்ஸை மாட்டுக் கொட்டகை வேலைக்கு வைத்துக்கொண்டு, வண்டிக்கு வேறு வாங்கிக்கொள்ள வேண்டும்.